எங்களை யார் பார்க்கிறார்கள்?
(பெண்கள் கைப்பந்தும் கல்லூரித் தேர்வும் – ஓர் ஆய்வு)

இறுதியாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது 'செயற்கைக்கோள் தகவல் தொடர்பு' என்று பெயர் கொடுத்திருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அதை எங்கள் வகுப்பிலேயே இன்னும் மூன்று பேர் எழுதிக் கொண்டிருக்கிறார்கள். ஆகவே மாலை நாலரை மணிக்கு மேல் நம் மைதானத்தில் நடக்கும் தகவல் தொடர்பைப் பற்றி, சரியாகச் சொன்னால் நடக்காத தகவல் தொடர்பைப் பற்றி, எழுதுகிறேன்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். காவடிக் கூட்டம் இன்னும் வடியவில்லை. ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள டீக்கடையில் அப்பாவோடு நின்றிருந்தேன். அங்கே தினமும் நாலைந்து பேர் நின்று வாலிபால் பேசுவார்கள். பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஆட்டம் விட்டு இருபது வருஷம் ஆனவர்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும், "ஏம்மா, நீ போகலியா? ஜூனியர் செலக்‌ஷன் ஞாயித்துக்கிழமயே முடிஞ்சிடுச்சே!" என்றார். எனக்குத் தெரியாது. நம் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அந்த வயதுப் பிரிவில் எனக்கு அதுதான் கடைசி ஆண்டு.

யார் மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த டீக்கடைக்காரர்களுக்குத் தெரிந்தது ஆடுகிற எனக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வி மட்டும் விடவில்லை. எந்தக் கல்லூரியில் செட்டர் இந்த வருஷம் படிப்பை முடிக்கிறாள், எந்த அணிக்குப் புதுக் கோச் வந்திருக்கிறார், எந்த ஊர்ப் பெண்ணுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது, எல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது. பெரியவர்கள் இதை 'வெட்டிப் பேச்சு' என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. கைப்பந்தை 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் உருவாக்கினார். நம் நாட்டுக்கு அது வந்ததும் ஒய்.எம்.சி.ஏ. மூலம்தான். 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியிலிருந்துதான் நம் பி.டி. சார்களின் பரம்பரையே கிளம்புகிறது. பெண்களுக்கு வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர். மைதானம் இருவருக்கும் ஒன்றே: 18க்கு 9 மீட்டர்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு கல்லூரி அணி ஆளை எப்படித் தேடுகிறது?

இதில் மிகவும் முன்னே போயிருப்பது அமெரிக்கா. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகுதான் பெண்கள் விளையாட்டுக்குக் கல்லூரிகள் பெருமளவில் பணம் ஒதுக்கத் தொடங்கின. 1981இல் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பெண்கள் கைப்பந்துப் போட்டி நடந்தது. 2023 ஆகஸ்ட் 30ஆம் தேதி நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் ஆட்டத்தைப் பார்க்கக் கால்பந்து மைதானத்துக்கு வந்தவர்கள் 92,003 பேர். ஆடிக் கிருத்திகைக்கு நம் மலையடிவாரத்தில் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அத்தனை பேரும் பெண்கள் வாலிபால் பார்க்க டிக்கெட் வாங்கி வந்தவர்கள்!

அந்த ரசிகர்கள் ஆட்டத்தோடு நிற்பதில்லை. யார் வருகிறார், யார் போகிறார் என்று கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்கு எளிது. முதல் பிரிவு அணி ஒன்று தரக்கூடிய முழு உதவித்தொகை பல ஆண்டுகள் 12ஆக இருந்தது. ஒருத்தி ஆடுவது நான்கு ஆண்டு. ஆக, சராசரியாக ஆண்டுக்கு மூன்று இடம்தான் காலியாகும். (2025 முதல் இந்த விதி மாறி, அணியில் 18 பேர் வரை என்ற வரம்பு வந்திருக்கிறது.) 2018 அக்டோபரில் கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் முறை ஒன்றும் வந்தது. ஒரு கோச் விலகினால் எத்தனை பெண்கள் பெயர் பதிவார்கள் என்பது அங்கே பெரிய செய்தி. 2025 ஜனவரியில் நெப்ராஸ்காவின் ஜான் குக் ஓய்வு பெற்றபோது, அதே அணியில் 2006இல் ஆடிப் பட்டம் வென்ற டேனி பஸ்பூம் கெல்லி, லூயிவில் பல்கலைக்கழகத்தை விட்டு அந்தப் பொறுப்புக்கு வந்தார். ஓரிடத்தில் நாற்காலி காலியானால் இரண்டு ஊரில் அணி ஆடிப் போகிறது.

கோச்சுகளைப் பற்றி இன்னொன்று. 1981இல் தொடங்கிய அந்தப் போட்டியில், பெண் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரின் அணி முதன்முதலாகப் பட்டம் வென்றது 2024 டிசம்பரில்தான். பென் ஸ்டேட் அணியின் கேட்டி ஷூமேக்கர்-காலி அவர். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக் கொண்டே அந்தப் பருவம் முழுவதும் அணியோடு நின்றார். பெண்கள் ஆட்டத்துக்கே 43 ஆண்டு பிடித்திருக்கிறது!

என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது வேறொரு விதி. அங்கே ஒரு கல்லூரிக் கோச், பள்ளி மாணவியோடு நேரடியாகப் பேசத் தொடங்கலாம் என்று அனுமதிக்கும் நாள், அவள் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டின் ஜூன் 15. அங்கே கோச்சின் கண்ணில் விழும் அதே பத்தாம் வகுப்பில்தான் இங்கே நாம் கண்ணிலிருந்து மறைகிறோம்.

எப்படி என்று விளக்குகிறேன். மத்திய அரசு வேலைகளுக்கு விளையாட்டுச் சான்றிதழ் எண் போட்ட படிவங்களில் வர வேண்டும். முதல் படிவம் நாட்டுக்காக ஆடியவர்க்கு. இரண்டாம் படிவம் மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்க்கு. மூன்றாம் படிவம் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு. நான்காம் படிவம் தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. இதில் நம்மைத் தேடிப் பாருங்கள்.

பத்தாம் வகுப்பு வரை பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் ஆடியிருப்போம். மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும் வழி அது. பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்றே பள்ளி வழி அடைபட்டது. நான்காம் படிவம் போச்சு. நாம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் படிக்கிறோம்; பல்கலைக்கழக மாணவர் அல்ல. ஆக, மூன்றாம் படிவமும் இல்லை. பாலிடெக்னிக்குகளுக்கு இடையிலான போட்டி நமக்கு உண்டு, கோப்பை உண்டு, சான்றிதழும் உண்டு. ஆனால் மேலே சொன்ன நான்கு படிவத்தில் எதிலும் அது வராது. பொறியியல் முதலாண்டுக் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருக்கிறது. அதுவும் பிளஸ் டூ முடித்து வருபவர்களுக்கு.

பதினாறு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை, ஒரு பெண் வேகமும் உயரமும் கூடி ஆடுகிற மூன்று ஆண்டு, நாம் எந்த ஏட்டிலும் இல்லை. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் போய் நிற்கும்போது கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதானே கேள்வி?

மிச்சம் இருப்பது இரண்டாம் படிவம். மாவட்டத் தேர்வு, அதிலிருந்து மாநிலத் தேர்வு, அதிலிருந்து இளையோர் அல்லது ஜூனியர் மாநில அணி. அங்கே எந்தப் படிப்பு என்று கேட்பதில்லை, வயதைத்தான் கேட்பார்கள். நமக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு என்று நான் கருதுவது அது. அந்தக் கதவு வருஷத்தில் ஒரு நாள், ஏதோ ஓர் ஊர் மைதானத்தில், காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. தேதி தெரிந்தவருக்கு மட்டும்! டீக்கடைப் பேச்சை நான் மதிக்கத் தொடங்கியது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

இன்னொரு கதவு டிப்ளமோவுக்குப் பிறகு திறக்கும். நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தால் மூன்று ஆண்டு பல்கலைக்கழகப் போட்டியில் ஆடலாம். கோச்சின் இடத்தில் இருந்து பாருங்கள். பெரும்பாலான அணிகள் ஒரு செட்டர், ஐந்து அடிப்பவர் என்று ஆடுகின்றன. அடிப்பவர் இடம் அடிக்கடி காலியாகும். செட்டர் இடம் ஒருத்தி வந்து உட்கார்ந்தால் அவள் படிப்பு முடியும்வரை காலியாகாது. நன்றாகச் செட் பண்ணுகிற பெண்ணாக இருந்தாலும், தப்பான ஆண்டில் தப்பான கல்லூரியில் சேர்ந்தால் மூன்று வருஷமும் தண்ணீர் பாட்டில் தூக்க வேண்டியதுதான். எந்தக் கல்லூரியில் செட்டர் போகிறாள் என்பதை முன்கூட்டித் தெரிந்து கொள்வது, கட்-ஆப் தெரிந்து கொள்வதற்குச் சமம்.

கோச் எதைப் பார்ப்பார்? உயரத்தை. மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் தலை உயரத்தை அல்ல, கை எட்டும் உயரத்தை. சுண்ணாம்புக்கட்டியை விரலில் தடவிச் சுவரில் கோடு போட்டுப் பார்த்தேன். என் உயரம் 161 செ.மீ. நின்றபடி கை தூக்கினால் 206. ஓடி வந்து எகிறினால் 247. அதாவது எகிறல் 41 செ.மீ., வலைக்கு மேலே 23 செ.மீ. இயற்பியல் வாய்பாட்டில் போட்டால் நான் காற்றில் இருக்கும் நேரம் சுமார் 0.58 நொடி. அந்த நேரத்துக்குள் எதிரணி பிளாக்கைப் பார்த்து, பந்தைப் பார்த்து, திசை மாற்றி அடிக்க வேண்டும். இந்த அளவை வைத்துப் பெரிய அணியில் நடுவில் நின்று பிளாக் செய்ய முடியாது என்று எனக்கே தெரிகிறது. செட்டராகவோ லிபரோவாகவோ முயலலாம். லிபரோ என்ற இடமே உலகப் போட்டிகளில் 1998இல்தான் வந்தது. பின்வரிசையில் பந்து எடுக்க மட்டும், வேறு நிறச் சட்டையோடு ஒருத்தி. குட்டையானவர்களுக்கு அந்த ஆண்டு கோயில் கட்டலாம்!

உயரத்துக்கு அடுத்தது, தவறு செய்த பிறகு அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறாள் என்பது. இதை நம் பி.டி. சார் சொல்லித்தான் கவனிக்கத் தொடங்கினேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் புரிய வைப்பது எளிதல்ல. பொதட்டூர்ப்பேட்டை பக்கம் எங்களுக்கு விசைத்தறி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியது நான்தான் முதல். "பந்து அடிச்சா மார்க் குடுப்பாங்களா, பாப்பா?" என்பார். கோபத்தில் அல்ல, உண்மையாகவே கேட்பார். அவருக்கு நான் சொன்ன கதை ஒன்று உண்டு.

ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் கைசுகா என்ற ஊர். அங்கே நிச்சிபோ என்ற நூற்பாலை. ஆலையில் வேலை செய்த பெண்களைக் கொண்டு அந்த நிர்வாகம் ஒரு கைப்பந்து அணி வைத்திருந்தது. கோச், டைமாட்சு ஹிரோபுமி. பகலில் வேலை, வேலை முடிந்து நள்ளிரவு வரை பயிற்சி. உருண்டு விழுந்து பந்தெடுத்து, அதே உருளலில் எழுந்து நிற்கும் முறையை அந்தப் பெண்கள் பழகினார்கள். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கைப்பந்து முதன்முதலாகச் சேர்ந்தது. கசாய் மசாயே தலைமையில், பெரும்பாலும் அந்த ஆலைப் பெண்களே இருந்த ஜப்பான் அணி சோவியத் ஒன்றியத்தை வென்று தங்கம் எடுத்தது. அந்தப் பயிற்சி முறை கடுமையானது. இன்று அப்படி ஒரு கோச் நடத்தினால் நானே எதிர்ப்பேன்.  ஆனால் அந்தப் பெண்களுக்கு வேலை செய்த இடத்திலேயே அணி இருந்தது.

கதையைக் கேட்டு அப்பா தறியை நிறுத்தி, "நூல் மில்லு பொண்ணுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் என்னிடம் பேருந்துக்குக் காசு கொடுக்கும்போது, "அந்த டீக்கடையாண்ட நிக்கிறாங்களே, அவங்ககிட்ட நானே கேட்டு வைக்கிறேன், தேதி எப்பன்னு" என்றார்.

இப்போது நானும் இரண்டாமாண்டு தோழி ஒருத்தியும் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். மாவட்ட, மாநிலத் தேர்வுத் தேதிகள், வயதுக் கணக்குக்கு எந்தத் தேதியை எடுக்கிறார்கள், கொண்டு போக வேண்டிய பிறப்புச் சான்றிதழ், போனபைடு, எந்தக் கல்லூரியில் எந்த இடம் அடுத்த ஆண்டு காலியாகும், யார் கோச். காதில் விழுந்ததைப் பென்சிலில் எழுதுகிறோம். இரண்டு பேரிடம் கேட்டு உறுதியான பிறகு பேனாவால் எழுதுகிறோம். இதுவரை பதினோரு பக்கம் நிரம்பியிருக்கிறது. பேனாவில் இருப்பது நாலு பக்கம். கபடி, தடகளப் பெண்களும் கடைசிப் பக்கங்களில் தங்கள் தேதிகளை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பையன்களும் வந்து எட்டிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

நோட்டு, பி.டி. சார் அறை சன்னல் கம்பியில் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். பேனாதான் அடிக்கடி காணாமல் போகிறது. எடுத்தவர் திருப்பி வைத்து விடவும்.