மாற்கு சுவிசேஷத்தை எழுதியவர் யார்?

நாலு சுவிசேஷங்களில் மிகச் சிறியது மாற்கு சுவிசேஷம். அதை முதல் அதிகாரந்தொடங்கிக் கடைசிவரை வாசித்தாலும், எழுதியவர் தம் பெயரை ஓரிடத்திலும் சொல்லக் காணோம். அப்படியிருக்க, அது அர்ச். மாற்கு எழுதினதென்று எதைக்கொண்டு சொல்லுகிறோம்? கேள்வி நியாயமானதே. விசுவாசிகள் அதற்கு விடை அறிந்திருப்பது நலம்.

முதலாவது, பூர்வீக சாட்சியம். 2-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்ன ஆசியாவிலுள்ள ஹியராபோலிஸ் நகர மேற்றிராணியாராயிருந்தவர் பாப்பியாஸ். மாற்கு என்பவர் அர்ச். இராயப்பருடைய மொழிபெயர்ப்பாளர் என்றும், அவர் போதித்தவற்றை ஞாபகத்திலிருந்தபடி பிசகின்றி எழுதினார் என்றும், ஆனால் வரிசைக்கிரமமாய் எழுதவில்லை என்றும் ஒரு மூப்பர் சொன்னதாக அவர் எழுதிவைத்தார். அவருடைய நூல் அழிந்துபோயிற்று. இப்பகுதியை 4-ம் நூற்றாண்டில் எவுசேபியுஸ் தமது திருச்சபைச் சரித்திரத்தில் எடுத்தெழுதியிருக்கிறார். கி.பி. 180-ம் ஆண்டையொட்டி லியோன் நகர மேற்றிராணியார் அர்ச். இரனேயுஸும் மாற்குவை இராயப்பருடைய சீஷரென்றே குறிக்கிறார்.

இரண்டாவது, நூலே தரும் சாட்சியம். யூதருடைய கைகழுவும் வழக்கத்தை அது விளக்குகிறது (7:3-4). “தலித்தா கூமி” என்ற அரமேயச் சொல்லுக்குப் பொருள் கூறுகிறது (5:41). ஏழை விதவையின் காசை உரோமை நாணயக் கணக்கில் சொல்லுகிறது (12:42). ஆகவே யூதரல்லாதவருக்காக எழுதப்பட்டதென்பது தெளிவு. அன்றியும், இராயப்பர் கடிந்துகொள்ளப்பட்டதும் மறுதலித்ததும் இங்கே ஒளிவுமறைவின்றிக் கூறப்படுகின்றன. மத்தேயு சுவிசேஷத்தில் அவருக்குக் கிடைக்கும் “நீ பாறையாயிருக்கிறாய்” என்ற மேன்மையோ இங்கே இல்லை.

மூன்றாவது, அந்தப் பெயரே ஓர் அத்தாட்சி. மாற்கு பன்னிரு அப்போஸ்தலரில் ஒருவரல்லர். பயணத்தின் நடுவே பிரிந்து ஜெருசலேமுக்குத் திரும்பிப்போனவர், அதனால் அர்ச். சின்னப்பர் அடுத்த பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார் (அப். நட. 13:13, 15:38). ஒரு நூலுக்கு மதிப்புத் தேடிப் பெயரைக் கற்பிக்கிறவன் இப்படிப்பட்டவரையா தேடிப் பிடிப்பான்? “இராயப்பர் சுவிசேஷம்” என்றல்லவா தலைப்பிட்டிருப்பான்!

அத்தலைப்புடன் ஒரு நூல் வழங்கியதும் உண்மையே. கி.பி. 200-ம் ஆண்டையொட்டி அந்தியோக்கியா மேற்றிராணியார் செராபியோன் அதை முதலில் வாசிக்க அனுமதித்தார். பிறகு தாமே ஆராய்ந்து, அது அப்போஸ்தலர் எழுதினதல்லவென்று தள்ளிவிட்டார். பெரிய பெயர் தாங்கிய நூல் தள்ளப்பட்டது. சிறிய பெயர் தாங்கியது நிலைத்தது.

இக்காலத்து வேதாகம அறிஞரில் பலர், தலைப்புகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்றும், பின்வந்தோர் பாப்பியாஸின் சொல்லையே திரும்பச் சொன்னார்கள் என்றும் கருதுகிறார்கள். இதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். ஆயினும், மாற்குவின் பெயர் ஏன் என்ற வினாவை லேசாய்த் தள்ளிவிட முடியாது.

திரும்பிப்போன அந்த மாற்குவையே பின்னர் தம்மிடம் அழைத்துவரும்படி சின்னப்பர் நிருபம் கேட்கிறது (2 தீமோ. 4:11). ஏப்ரல் 25-ந் தேதி அவருடைய திருநாள். அதற்குள் அவருடைய 16 அதிகாரங்களையும் ஒருமுறை வாசித்து முடிப்போமாக.