சரித்திரக் கல்வியின் பயன்

"சரித்திரம் கற்று யாது செய்வீர்?" என்பது நம் கல்லூரி மாணவர் பலர் தம் உறவினர்பாற் கேட்டுச் சலித்த வினா. அரசர் பெயரையும் ஆண்டையும் நெட்டுருச் செய்து, தேர்வெழுதிய மறுநாளே மறந்துவிடுதல்தான் சரித்திரமெனின், அவ்வினாவிற்கு விடையில்லை. ஆயின் ஒரு செய்தியைக் கேட்டவழி, "இதற்குச் சான்று யாது? சான்று கூறுவோர் யாவர்? அவர் கூற்று எம்மட்டும் செல்லும்?" என ஆராயும் பழக்கமே சரித்திரக் கல்வியின் உயிராகும். மதுரை நாட்டுச் சான்றுகள் இரண்டனைக்கொண்டு இதனை விளக்கப் புகுவாம்.

முதலாவது, மாங்குளத்துக் கல்வெட்டு. மதுரைக்கு வடகிழக்கே, மீனாட்சிபுரம் என்னும் சிற்றூரை அடுத்த மலையிற் சமணத் துறவியர் வதிந்த குகைகள் உள. அங்கே பாறையில் வெட்டப்பட்ட பழைய எழுத்துக்களை இராபர்ட்டு சிவெல் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1882-ல் கண்டறிந்தார். அவற்றின் மொழி யாதென்பது நெடுங்காலம் தெளிவுறவில்லை. இவ்வகைக் குகைக் கல்வெட்டுக்களின் மொழி தமிழே என 1924-ல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அங்கு நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் வருதலைத் தெளிவுபடுத்தினார்.

சென்ற ஆண்டு யாம் அம்மலை ஏறி அவ்வெழுத்துக்களைக் கண்டபோது எய்திய களிப்புக்கு எல்லையில்லை. "மதுரைக்காஞ்சியின் தலைவனைக் கல்லிலே கண்டோம்" என எம் குறிப்பேட்டில் எழுதியும் விட்டோம். எம் ஆசிரியர் அதனைப் படித்து, "பெயர் ஒன்றாயின் ஆளும் ஒருவன்தானோ?" என்று மட்டும் வினவினார். யாம் நாணி, நூல்களைப் புரட்டலானோம். மாங்குளத்து எழுத்தின் காலம் கி. மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது மகாதேவன் கருத்து. மாங்குடி மருதனார் பாடிய தலையாலங்கானத்து வேந்தனோ அதற்குச் சில நூற்றாண்டு பிற்பட்டவன் என்பர் ஆராய்ச்சியாளர். நெடுஞ்செழியன் என்னும் பெயரைப் பாண்டியர் பலர் தாங்கினர். தமிழின்பால் யாம் கொண்ட காதல் சான்றின் இடத்தைக் கவர்ந்துகொண்டமையை அன்று உணர்ந்தோம்.

இரண்டாவது, நாயக்கர் காலத்துப் பாதிரிமார் கடிதங்கள். தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட்டு டி நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். அவரும் அவர் வழிவந்த ஏசு சபையினரும் மேனாட்டிற்கு விடுத்த கடிதங்கள் போர், பஞ்சம், அரசவை ஆகியவற்றை விரித்துரைக்கின்றன. ஆர். சத்தியநாத ஐயர் 1924-ல் வெளியிட்ட மதுரை நாயக்கர் சரித்திரத்திற்கு இவை பெருந்துணையாயின. கண்டார் கூற்றாதலின் இவை அரியவை. எனினும், தம் திருப்பணிக்கு இணங்கிய மன்னனை நல்லனாகவும், இணங்காதவனைக் கொடியனாகவும் காணுதல் மனித இயல்பன்றோ? ஆதலின் இவற்றையும் கல்வெட்டு, செப்பேடு முதலியவற்றோடு ஒப்புநோக்கியே கொள்ளல் வேண்டும். கிறிஸ்தவராகிய எமக்கு இது சிறிது கடினமே. நாம் விரும்பும் சாட்சியையே முதலில் வினவுக என்பது சரித்திரம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இப்பழக்கம் சோறிடுமோ எனின், இடும். கீழடியில் மத்திய தொல்லியல் துறையினர் 2014-15-ல் அகழத் தொடங்கினர். 2018 முதல் மாநிலத் துறையினர் அப்பணியைத் தொடர்ந்தனர். 2023-ல் ஆங்கு அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அகழ்வோர், பானையோட்டை வகைப்படுத்துவோர், எழுத்தைப் படிப்போர், ஆவணங் காப்போர், ஆசிரியர் என நேரே சரித்திரத்தால் வாழ்வோர் உளர். இவ்விடங்கள் மிகப் பலவல்ல என்பதை மறைத்தலாகாது. ஆயினும் இரு தரப்பாரின் சாட்சியத்தை எடைபோடும் வழக்கறிஞர்க்கும், வதந்தியினின்று செய்தியைப் பிரிக்கும் பத்திரிகையாளர்க்கும், மனுவையும் பழைய பதிவேட்டையும் ஒத்துப்பார்க்கும் அதிகாரிக்கும் வேண்டுவது இப்பழக்கமே. மகாதேவன்தாமும் இந்திய ஆட்சிப் பணியினராயிருந்து கல்வெட்டு ஆய்ந்தவரே.

பிழைப்பினும் பெரிய பயன் ஒன்றுண்டு. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்கம் அமைத்தற்கான ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியாயிற்று. ஊரார் தம் வயலையும் கண்மாயையும் காட்டி மறுத்தனர். அவற்றோடு குகையெழுத்தையும் குடைவரைக் கோயிலையும் காட்டினர். 2025 ஜனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை நீக்கிற்று. அவ்வெழுத்துக்களை முன்னரே படித்து வைத்தார் இலராயின், ஊரார் காட்டிய சான்றுகளுள் ஒன்று குறைந்திருக்கும்.

ஆதலின், நண்பர்காள், விடுமுறையில் ஒருநாள் அம்மலை ஏறுமின். காண்பதைக் குறித்துக்கொண்மின். குறித்ததை நம்புமுன் ஒருமுறை வினவுமின்.