ஸ்டியரிங் கைக்குச் சொல்லும் சேதி

பழைய மாருதி 800 ஓட்டியவர்கள், "புது வண்டியில கைக்கு ஒண்ணுமே தெரியல" என்கிறார்கள். அது வெறும் பழம்பெருமை அல்ல. 1983-ல் வந்த அந்த 796 சி.சி. வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வெறும் ரேக் அண்ட் பினியன்தான். வளைவில் திரும்பிய சக்கரம் தானாக நேராகப் பார்க்கும். டயர் வழுக்கப் போகுமுன் அந்த விசை குறைந்து ஸ்டியரிங் இலேசாகும். அதுதான் கைக்கு எச்சரிக்கை.

இன்றைய எலக்ட்ரிக் ஸ்டியரிங்கில் டார்ஷன் பார் எவ்வளவு முறுகுகிறது என்று சென்சார் அளக்க, மோட்டார் உதவுகிறது. அந்த உதவியில் சின்ன விசைகள் அமுங்கிவிடும். 2011-ல் போர்ஷே 911 இதற்கு மாறியபோதும் இதே குறைதான் பேசப்பட்டது.

ஆனால் மாருதியின் எடை சுமார் 650 கிலோ. இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பல 1,400 கிலோவைத் தாண்டும், டயரும் அகலம். வெறுங்கையால் திருப்ப முடியுமா? பவர் ஸ்டியரிங் இல்லாத லாரியில் ஆத்தூர் மரவள்ளி லோடு அடித்த எங்கப்பாவைக் கேட்டேன். "அந்த உணர்வு இன்னும் தோள்பட்டையில இருக்குது கண்ணு" என்றார்.