வயிற்றைப் பெரிதாக வெட்டாமலே கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கலாம்



மாதவிடாய் 7 நாளைத் தாண்டியும் நிற்கவில்லை. கட்டி கட்டியாக இரத்தம் போகிறது. மலை ஏறினால் தலை சுற்றுகிறது. "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்தான்" என்று கூடையை மாட்டிக்கொண்டு போகிறவர்கள் நம் லயங்களில் பலர். பேர் போய்விடும் என்று ஒரு பயம். வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்று இன்னொரு பயம்.

இதற்கு ஒரு காரணம் கர்ப்பப்பையில் வளரும் நார்க்கட்டி. டொக்டர்மார் இதை பைப்ரொயிட் என்பார்கள். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. தொந்தரவு தராத சிறு கட்டியை எடுக்கவே தேவையில்லை. சிலருக்கு மருந்தே போதும். ஒப்பரேஷன் தேவைப்பட்டாலும் இன்று பல வழிகள் உண்டு.

1. துவார முறை: தொப்புளருகிலும் அடிவயிற்றிலும் 3 அல்லது 4 சிறு துவாரம் போடுவார்கள். ஒரு துவாரத்தால் சிறிய கமரா போகும். மற்றவற்றால் ஆயுதங்கள் போகும். கட்டியை எடுத்துவிட்டு கர்ப்பப்பையைத் தைத்துவிடுவார்கள். இது லெப்பரொஸ்கோப்பி.

2. உள்வழி முறை: கட்டி கர்ப்பப்பையின் உட்புறம் இருந்தால் பிறப்புவழியாகவே கமராவை விட்டு எடுக்கலாம். வயிற்றில் ஒரு வெட்டும் இல்லை. இது ஹிஸ்டெரொஸ்கோப்பி.

3. திறந்த முறை: கட்டி மிகப் பெரிதாகவோ பலவாகவோ இருந்தால் வயிற்றைத் திறப்பதே நல்லது என்று டொக்டர் சொல்லலாம்.

துவார முறையில் பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புவார்கள். ஆனால் காயம் சிறிதென்று உடனே கொழுந்துக் கூடை சுமக்கக் கூடாது. உள்ளே தைத்த இடம் ஆற வேண்டும். எத்தனை கிழமை ஓய்வு என்று கேட்டு, மெடிக்கல் துண்டு வாங்கி வாருங்கள். இனியும் பிள்ளை பெற விருப்பமா என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். கட்டி மீண்டும் வரவும் கூடும்.

எங்கே போவது? வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்யும் மகளும் கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கும் மகனும் "அம்மா, இங்க வாங்க, தனியார் ஆஸ்பத்திரியில காட்டுவோம்" என்பார்கள். பாசம்தான். ஆனால் நகையை அடகு வைக்கும் முன் யோசியுங்கள். கொழும்பில் பொரளைப் பக்கம் அரசாங்கத்தின் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும், 1879இல் தொடங்கிய டி சொய்சா வைத்தியசாலையும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் முதலில் காட்டி, ஸ்கேன் எடுத்து, கடிதத்தோடு போனால் அலைச்சல் குறையும். "எனக்குத் துவார முறை சரிவருமா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

35 வயது தாண்டியவர்களுக்காக 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. அது எந்த நாள் என்று மருத்துவ மாது சொல்வார்.

இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை தந்தால் ஒழுங்காகக் குடியுங்கள். மாத்திரையோடும் சோற்றோடும் தேத்தண்ணீர் வேண்டாம். நாம் பறிக்கும் தேயிலையே இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். ஒரு மணிநேரத்துக்கு ஒரு துணி நனைந்தாலோ, மாதவிடாய் நின்றபிறகு இரத்தம் கண்டாலோ காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒருநாள் பேர் போனால் அடுத்த நாள் உழைக்கலாம். அதற்கு உடம்பில் இரத்தம் வேண்டும், தாயே!