நிறம் பிசகட்டும், கணக்கு பிசக வேண்டாம்

கேள்வி: அண்ணாச்சி, சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். பழைய பீரோவில் பிரிக்காத ஸ்லைடு ரோல் நான்கு கிடைத்தன. முதலாளி என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இவற்றை நெகட்டிவ் மருந்தில் கழுவினால் நிறமெல்லாம் மாறி வருமாமே? எங்கள் ஊரையும் பட்டாசுத் தொழிலையும் அப்படி எடுத்துப் பார்க்க ஆசை. எங்கிருந்து தொடங்கட்டும்?

பதில்: தம்பி, அந்த ரோல்கள் அச்சகத்தில் கிடந்ததில் வியப்பில்லை. டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்பு, வண்ணத்தில் அச்சிட வேண்டிய படத்துக்கு ஸ்லைடைத்தான் கேட்டு வாங்குவார்கள். எடுத்த நிறம் பிலிமிலேயே நேராகத் தெரியும். அதை ஒளிப்பெட்டியில் வைத்துப் பார்த்து, சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்காகப் பிரித்து பிளேட் போடுவார்கள். நிறம் பிசகக் கூடாது என்பதற்காகவே பிறந்த பிலிம் அது. அதை நீங்கள் வேண்டுமென்றே பிசகவைக்கப் போகிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால், மெஷினில் மையைக் கூட்டிக் குறைப்பதுபோலப் பிசகையும் அளந்து செய்தால்தான் அது உங்கள் கைக்கு அடங்கும்.

முதலில் டப்பாவைப் பாருங்கள்

ரோலின் மேல், ஸ்லைடு கழுவும் முறையின் பெயரான ‘இ-6’ அச்சாகியிருக்க வேண்டும். எக்டாக்ரோம், புரோவியா, வெல்வியா எல்லாம் இந்த வகை. ‘கோடாக்ரோம்’ என்றோ ‘கே-14’ என்றோ இருந்தால் ஒதுக்கி வையுங்கள். அதன் நிறச்சாயத்துக்கான பொருள் பிலிமுக்குள்ளேயே கிடையாது; கழுவும் மருந்திலிருந்துதான் வர வேண்டும். அதைக் கழுவிவந்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது. அதுவும் 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. கோடாக்ரோமை நெகட்டிவ் கழுவும் சி-41 மருந்தில் போட்டால் வண்ணம் வராது. பின்புறத்துக் கரிப்பூச்சு கரைந்து லேப்காரரின் மருந்தையும் கெடுக்கும்.

புது ரோல் வேண்டுமென்றால் எக்டாக்ரோம் இருக்கிறது. கோடாக் அதை 2012-இல் நிறுத்தி, 2018-இல் மீண்டும் கொண்டுவந்தது. விலை அதிகம். பழைய நான்கைப் பழகித் தீர்த்த பிறகு வாங்கலாம்.

நிறம் ஏன் மாறுகிறது?

இ-6 முறையில் முதலில் கருப்பு-வெள்ளை டெவலப்பர், பிறகு படத்தைத் தலைகீழாக்கும் குளியல், அதன் பிறகே கலர் டெவலப்பர். அதனால்தான் ஸ்லைடு நேர்ப்படமாக வருகிறது. சி-41-இல் ஒரே கலர் டெவலப்பர், 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி. அதில் உங்கள் ஸ்லைடு நெகட்டிவாக வெளிவரும். இரண்டு முறைகளின் கலர் டெவலப்பர்களும் வேறு வேறு வேதிப்பொருள்கள். ஒன்றுக்காகச் செய்த பிலிமை மற்றொன்றில் முக்கும்போது மூன்று நிற அடுக்குகளும் ஒரே அளவில் வளர்வதில்லை. நிழல் ஒரு நிறத்துக்கும் வெளிச்சம் வேறொரு நிறத்துக்கும் சாயும். ஒரு பிளேட்டில் மட்டும் மை ஏறிப்போன தாளை நினைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட்டும் எகிறும். எந்த பிலிம் எந்தப் பக்கம் சாயும் என்பது வகைக்கு வகை, பழசாகப் பழசாக மாறும். அடுத்தவர் சொல்லும் பட்டியலை நம்பாமல் உங்கள் ரோலையே கேளுங்கள்.

முதல் ரோல் சோதனைக்கு

நான்கில் ஒன்றை இதற்கென்றே கொடுத்துவிடுங்கள். 36 படம், ஒன்பது காட்சி, காட்சிக்கு நான்கு படம். புது பிலிம் என்றால் டப்பாவில் உள்ள ஐஎஸ்ஓ-வுக்கு ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, இரண்டு கூட்டி ஒன்று. உங்களுடையது பழைய பிலிம், வேகம் குறைந்திருக்கும். அதனால் குறைப்பதை விட்டுவிட்டு, சரியான அளவிலிருந்து மூன்று ஸ்டாப் வரை கூட்டிக்கொண்டே போங்கள். ஸ்லைடு எடுப்பவர்கள் வெளிச்சப் பகுதி வெளுத்துவிடாமல் காப்பார்கள். இங்கே பிலிம் நெகட்டிவாகிறது. நிழல் காலியாகிவிடாமல் பார்ப்பதுதான் முக்கியம்.

முதல் காட்சியாக உங்கள் அச்சகத்துக் கலர் பார் தாளையே சுவரில் ஒட்டி எடுங்கள். இதைவிட நல்ல சோதனை அட்டை வேறில்லை. பிறகு லேபிள் கட்டுகள், சாத்தூர்ப் பக்கம் களத்தில் காயும் மிளகாய் வத்தல், கரிசல் காடு, நிழலில் நிற்கும் ஒரு நண்பரின் முகம், டியூப்லைட் எரியும் டீக்கடை, விடிகாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம், அந்தி வானம், வெள்ளைச் சுவர். ஒவ்வொரு படத்தின் அளவையும் நோட்டில் குறித்துவிடுங்கள்.

விருதுநகர் உச்சி வெயிலில் இந்த பிலிமை இறக்காதீர்கள். ஏற்கெனவே முரடான ஒளி. கழுவும்போது இன்னும் முரடாகும். காலை எட்டு மணிக்குள்ளும், மாலை நான்கரைக்குப் பிறகும் எடுங்கள். ரோலை பைக் பெட்டியில் வைத்துக்கொண்டு சுற்ற வேண்டாம். பிரிட்ஜில் வையுங்கள்; எடுத்து ஒரு மணி நேரம் கழித்து, குளிர் விட்ட பின்பு கேமராவில் ஏற்றுங்கள்.

லேப்காரரிடம் சொல்ல வேண்டியது

ரோல் கழுவும் மினிலேப் பக்கத்தில் இல்லாவிட்டால், சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியர் அனுப்ப வேண்டியிருக்கும். முன்கூட்டியே போன் செய்து சம்மதம் கேளுங்கள். ரோலின் மேலேயே “இ-6 பிலிம், சி-41-இல் கழுவவும்” என்று ஒட்டுங்கள். ஒரு முறை கழுவிவிட்டால் அது திரும்ப ஸ்லைடு ஆகாது. ஸ்கேன் செய்யும்போது நிறத்தைத் தானாகத் திருத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வழக்கமான நெகட்டிவில் உள்ள ஆரஞ்சுச் சாயல் இதில் இருக்காது. தானியங்கித் திருத்தம் தடுமாறி, நீங்கள் தேடிய நிறத்தைத்தான் முதலில் அழிக்கும்.

எதை எடுக்கக் கூடாது

திருப்பிக் கிடைக்காத எதையும் இந்த முறையில் எடுக்காதீர்கள். வீட்டுக் கல்யாணம், பாட்டியின் முகம் எல்லாம் சாதாரண நெகட்டிவிலோ டிஜிட்டலிலோ இருக்கட்டும். 1999-இல் வந்த ‘த்ரீ கிங்ஸ்’ ஹாலிவுட் படத்தில் எக்டாக்ரோமை இப்படிக் கழுவியே பாலைவனத்தின் வெளிறிய முரட்டு நிறத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கதைக்கு அந்த நிறம் தேவைப்பட்டது. உங்கள் படத்துக்கும் அப்படி ஒரு தேவை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் சொல்வதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். நம் ஊரில் ‘மருந்து’ என்றால் போட்டோ மருந்து மட்டுமல்ல. பட்டாசு ஆலையின் மருந்து அறைப் பக்கம் கேமரா, பிளாஷ், போன் எதையும் கொண்டுபோகக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். எங்காவது புகை எழுந்தால் படமெடுக்க ஓடாதீர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது, உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் மாண்டுபோனார்கள். தொழிலைக் காட்ட லேபிளும் கடைவீதியும் திருவிழா வாணவேடிக்கையும் போதும். வாணவேடிக்கையைத் தொலைவில் இருந்து, ஸ்டாண்டில் நிறுத்தி, ஐஎஸ்ஓ 100 பிலிமில் எஃப் 8 அல்லது 11 வைத்து, ஷட்டரை ‘பி’யில் இரண்டு முதல் நான்கு விநாடி திறந்து எடுங்கள். கருப்பு வானம் கருப்பாகவே வராமல் நிறமேறி வரலாம். இந்த முறைக்கு மிகப் பொருத்தமான காட்சி அதுதான் என்பேன்.

சோதனை ரோல் கழுவி வந்ததும் மற்ற படங்களைப் பிறகு பாருங்கள். முதலில் கலர் பாரை நோட்டோடு ஒப்பிடுங்கள். மெஜந்தா எங்கே போனது, சயான் எத்தனை ஸ்டாப்பில் திரும்பியது என்று பார்க்க, மெஷின் பக்கத்தில் பழகிய உங்கள் கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை ஒரு வரியில் எழுத முடிகிற அன்றைக்கு இரண்டாவது ரோலை ஏற்றுங்கள்.