டர்னர் குறைபாடு: தாய்மாரும் ஆசிரியரும் அறிய வேண்டுவன

சுவாமிமலையில் நான் ஆசிரியப் பணியாற்றிய நாளில், காலை வழிபாட்டின்போது மாணவியரை உயரத்தின்படி வரிசையில் நிறுத்துவது வழக்கம். ஆறாம் வகுப்பில் முதலாவதாக நின்ற சிறுமி ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பிலும் முதலாவதாகவே நின்றாள். தமிழ்ப் பாடத்தைப் பிழையின்றி ஒப்பிப்பாள். வடிவியல் படம் வரைவதில் மட்டும் தடுமாறுவாள். "கவனம் இல்லை" என்று நானும் பலமுறை கண்டித்தேன். அவள் பூப்பெய்தாததை வீட்டார் மறைத்தே வந்தனர். திருமணப் பேச்சு எழுந்தபோதுதான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். அப்போது அவளுக்கு வயது 22. மருத்துவர் கண்டறிந்தது டர்னர் குறைபாடு.

அஃது யாது? மனித உயிரணுவில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. பெண்களுக்கு அவற்றுள் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். அவ்விரண்டில் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாதிருப்பதே இக்குறைபாடு. இதன் அறிகுறிகளை 1938இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் விளக்கினார். குரோமோசோமே காரணம் என்பதை 1959இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஃபோர்டு குழுவினர் கண்டனர். ஏறத்தாழ 2,500 பெண் குழந்தைகளுள் ஒருவருக்கு இது தற்செயலாக நேர்கிறது. தாய் உண்டதாலோ செய்ததாலோ வருவதன்று.

அறிகுறிகள்: பிறந்தபோது கை கால்களில் வீக்கம், கழுத்தின் இருபுறமும் தோல் மடிப்பு, வயதுக்கேற்ற உயரமின்மை, 13 வயதாகியும் பருவ மாற்றம் தொடங்காமை. சிலருக்கு உயரக் குறைவு ஒன்றே புலப்படும். அறிவுத்திறன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; கணக்கும் வடிவியலும் சிலருக்குக் கடினமாகலாம். இரத்தத்தில் செய்யும் கேரியோடைப் சோதனை ஐயத்தை நீக்கும்.

மருத்துவம்: எலும்பு வளர்ச்சி முடிவதற்குள் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் உயரம் கூடும். 11, 12 வயதளவில் தொடங்கும் ஈஸ்ட்ரோஜன் மருந்து பருவ வளர்ச்சிக்கும் எலும்பின் வலிமைக்கும் உதவும். இதயம், சிறுநீரகம், செவி, தைராய்டு ஆகியவற்றையும் சோதித்துவரல் வேண்டும். இயற்கையாகக் கருவுறுதல் பெரும்பாலோர்க்கு அரிது. எனினும் கல்வி, பணி, இல்லறம் எதற்கும் இது தடையன்று. ஊசியின் செலவு பெரிது. அரிய நோய்களுக்கான 2021ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையில் இக்குறைபாட்டுக்கான வளர்ச்சி ஹார்மோன் மருத்துவமும் இடம்பெற்றுள்ளமையால், உதவி குறித்து மருத்துவரிடம் கேட்டறிக.

என் மாணவிக்கு உயரம் கூட்டும் காலம் கடந்துவிட்டது. எலும்பைக் காக்கும் மருந்து மட்டும் கிடைத்தது. இன்று அவர் சிறுவர்க்குத் தமிழ் கற்பிக்கிறார். "முன்வினை" என்று கூறி இத்தகைய பெண்ணை ஒதுக்குதலும், பெற்றவளைப் பழித்தலும் சொல்லால் செய்யும் ஹிம்சையே ஆகும்.

ஆதலின், சகோதரிகளே, உங்கள் மகளின், பேத்தியின் உயரத்தை ஆண்டுதோறும் கதவு நிலையில் குறித்து வையுங்கள். ஈராண்டு கோடுகள் நெருங்கி நின்றால், அண்டை வீட்டாருக்கு அஞ்சாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.