குண்டுகளின் இடத்தில் பயணிகள்: 'ஸ்டார் டஸ்ட்' விபத்து கற்பிப்பவை

முன்னுரை

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிவுற்றபோது பிரிட்டனிடம் குண்டுவீச்சு விமானங்கள் ஏராளமாக இருந்தன. நீண்ட தூரம் பறக்கும் பயணிகள் விமானங்களோ மிகச் சில. புதிய விமானத்தை வரைந்து, சோதித்து, உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை என்ன செய்வது? இருப்பதை மாற்றி அமைப்பதே வழி என்று முடிவாயிற்று. நேற்றுவரை குண்டு சுமந்த விமானம் மனிதரையும் கடிதங்களையும் சுமக்கத் தொடங்கியது. அவ்வாறு மாற்றப்பட்ட விமானங்கள் சில, பயணிகளோடு மலையிலும் கடலிலும் மறைந்து போயின. அவற்றுள் 1947-இல் காணாமற்போன 'ஸ்டார் டஸ்ட்' விமானத்தை முதன்மையாகக் கொண்டு, அவ்விபத்துகளின் காரணங்களையும் அவை நமக்குக் கற்பிப்பவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லங்காஸ்டரும் லங்காஸ்ட்ரியனும்

பிரிட்டனின் புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானம் 'லங்காஸ்டர்'. ஆவ்ரோ நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ராய் சாட்விக் இதை உருவாக்கினார். 1941-இல் முதன்முதலாகப் பறந்த இவ்வகையில் மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. நான்கு மெர்லின் எஞ்சின்கள், ஏழு பேர் கொண்ட குழு, வயிற்றுப் பகுதியில் ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள குண்டறை ஆகியவை இதன் முக்கியக் கூறுகள்.

துப்பாக்கி மேடைகளையும் கவசத் தகடுகளையும் நீக்கி, மூக்கையும் வாலையும் கூராக்கி, கூடுதல் எரிபொருள் தொட்டிகளைப் பொருத்தினால் கிடைப்பது 'லங்காஸ்ட்ரியன்'. இது வேகமாகவும் வெகுதூரமும் பறந்தது. ஆயினும் அடிப்படையான ஒரு சிக்கல் இருந்தது. குண்டு கனமானது, ஆனால் அதிக இடத்தை அடைக்காது. மனிதன் அவ்வளவு கனமில்லை. ஆனால் அவனுக்கு உட்காரவும் கால் நீட்டவும் இடம் வேண்டும். எனவே நான்கு எஞ்சின் கொண்ட இப்பெரிய விமானத்தில் தொடக்கத்தில் ஒன்பது பயணிகளுக்கே இடமிருந்தது. பின்னர் வந்த வகையில்கூட 13 இருக்கைகள்தாம். விமானத்தினுள் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதியும் கிடையாது. உயரத்தில் பறக்கும்போது பயணிகள் பிராணவாயு முகமூடி அணிய வேண்டியிருந்தது.

இவ்விமானங்களே இங்கிலாந்திலிருந்து இலங்கை வழியாக ஆஸ்திரேலியாவுக்கும் பறந்தன. 1946 மார்ச் 23-ஆம் நாள் ஒரு லங்காஸ்ட்ரியன், இலங்கைக்கும் கொக்கோஸ் தீவுகளுக்கும் இடையே இந்தியப் பெருங்கடலில் 10 பேருடன் மறைந்து போனது. அது கண்டெடுக்கப்படவே இல்லை.

'ஸ்டார் டஸ்ட்' மறைந்த நாள்

1947 ஆகஸ்ட் 2-ஆம் நாள். 'பிரிட்டிஷ் சவுத் அமெரிக்கன் ஏர்வேஸ்' நிறுவனத்தின் 'ஸ்டார் டஸ்ட்' என்ற லங்காஸ்ட்ரியன், அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் நகரிலிருந்து சிலி நாட்டின் சாந்தியாகோ நகருக்குப் புறப்பட்டது. ஐந்து ஊழியர்கள், ஆறு பயணிகள் என மொத்தம் 11 பேர் அதில் இருந்தனர். இடையில் குறுக்கிட்டது ஆண்டீஸ் மலைத்தொடர். அன்று மலைமேல் வானிலை மோசமாக இருந்ததால், விமானம் 24,000 அடிக்கு உயர்ந்து மேகங்களுக்கு மேலே பறந்தது.

மாலை 5.41-க்கு விமானத்திலிருந்து மோர்ஸ் தந்திக் குறியீட்டில் ஒரு செய்தி வந்தது. 5.45-க்குச் சாந்தியாகோ வந்து சேர்வோம் என்பதே அதன் பொருள். செய்தியின் இறுதியில் 'ஸ்டெண்டெக்' என்று ஒலிக்கும் ஏழு ஆங்கில எழுத்துகள் இருந்தன. அது புரியாத தரைநிலைய ஊழியர் மீண்டும் கேட்டார். அதே எழுத்துகள் மேலும் இருமுறை வேகமாக வந்தன. அதன்பின் மௌனம். சிலி, அர்ஜென்டினா நாடுகளின் தேடுதல் குழுக்களுக்கு ஒரு தடயமும் கிட்டவில்லை.

காற்றும் கணக்கும்

நான்கு நிமிடத்தில் வந்து சேர வேண்டிய விமானம் எங்கே போயிற்று? பல்லாண்டுகளுக்குப் பின்னரே விடை கிடைத்தது. அது மோதிய இடம் சாந்தியாகோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள துபுங்காத்தோ மலைப்பகுதி. மலையைக் கடந்துவிட்டோம் என்று குழுவினர் நம்பினர், உண்மையில் கடக்கவில்லை. மேகத்துக்குள் இறங்கத் தொடங்கிய விமானம் நேராக மலையில் மோதியது.

இதற்குக் காரணமாகக் கருதப்படுவது 'ஜெட் காற்றோட்டம்'. மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் பாயும் வேகமான காற்று இது. மேற்கு நோக்கிச் சென்ற ஸ்டார் டஸ்டுக்கு இது எதிர்க்காற்று. விமானத்தின் வேகமானி, சூழ்ந்துள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகத்தையே காட்டும். தரையை எவ்வளவு வேகத்தில் கடக்கிறோம் என்பதைக் காட்டாது. எதிர்நீச்சல் போடுபவன் கை வீசும் வேகத்தைக் கொண்டு கரையில் கடந்த தூரத்தைச் சொல்ல முடியாதல்லவா? அதைப் போன்றதே இதுவும். கீழே மேகம் மூடியிருந்ததால் தரையைப் பார்த்துச் சரிசெய்யவும் வழியில்லை.

இப்பிழையின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். லங்காஸ்ட்ரியனின் வேகத்தை மணிக்கு 370 கிலோமீட்டர் என்று கொள்வோம். இன்னும் நான்கு நிமிடம் என்றால், சாந்தியாகோ ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். உண்மையில் இருந்ததோ 80 கிலோமீட்டர். வேறுபாடு 55 கிலோமீட்டர். ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணத்தில் இதைப் பகிர்ந்து பார்த்தால் மணிக்கு 14 கிலோமீட்டர் பிழை மட்டுமே. மிதிவண்டி ஓடும் வேகம்! அவ்வளவு சிறிய பிழை, சிறிது சிறிதாகச் சேர்ந்து ஒரு மலையையே மறைத்துவிட்டது.

மொழி மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. மேல்வானின் இந்த வேகக் காற்றை ஜப்பானிய அறிவியலாளர் வசபுரோ ஓயிஷி 1920-களிலேயே அளந்து வெளியிட்டிருந்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அவர் தேர்ந்தெடுத்த மொழி எஸ்பெராண்டோ. பொதுமொழியாக உருவாக்கப்பட்ட அம்மொழியைப் படிப்பவர் மிகச் சிலர் என்பதால், அவரது கண்டுபிடிப்பு வெளிநாட்டில் பெரிதும் கவனிக்கப்படவில்லை. போரின் இறுதிக் கட்டத்தில் ஜப்பான்மீது உயரப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதே காற்றில் சிக்கித் திணறின. அறிவைக் கண்டுபிடிப்பது பாதிப் பணி. அது தேவைப்படுவோரிடம் சேர்வது மறுபாதி.

ஏழு எழுத்துப் புதிர்

'ஸ்டெண்டெக்' பற்றிப் பறக்கும் தட்டு முதல் சதிவேலை வரை கற்பனைகள் பல எழுந்தன. ஆனால் மோர்ஸ் குறியீட்டின் இயல்பை அறிந்தவர்கள் வேறு விதமாகச் சிந்தித்தனர். இக்குறியீட்டில் புள்ளியும் கோடும் மட்டுமே உண்டு; ஓர் எழுத்து எங்கே முடிகிறது என்பதை இடைவெளிதான் சொல்லும். மூன்று புள்ளிகள் 'எஸ்'. ஒரு கோடு 'டி'. இவ்விரண்டையும் இடைவெளியின்றித் தட்டினால் அது 'வி' ஆகிவிடும்.

ஸ்டெண்டெக்கின் ஏழு எழுத்துகளில் மொத்தம் 15 குறிகள் உள்ளன. அதே 15 குறிகளை, வரிசை மாற்றாமல், இடைவெளியை மட்டும் மாற்றிப் பிரித்தால் 'எஸ்.சி.டி.ஐ.' என்ற நான்கெழுத்தும், 'செய்தி முற்றும்' என்பதற்கான குறியும் கிடைக்கின்றன. இந்நான்கெழுத்து சாந்தியாகோவின் லோஸ் செரில்லோஸ் விமான நிலையத்தைக் குறிக்கும் சுருக்கம் என்பர். இவ்விளக்கம் உறுதியாக நிறுவப்படவில்லை என்றாலும் சிந்திக்கத்தக்கது.

ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இது புதிதன்று. சொற்களுக்கிடையே இடைவெளியும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லாத சுவடிகளைப் பதம் பிரித்துப் படிப்பதற்கே நம் பதிப்பாசிரியர்கள் வாழ்நாளைச் செலவிட்டனர். ஓரிடத்தில் பிரிப்பு மாறினால் பொருளே மாறிவிடும். புரியாத ஒன்றைக் கண்டவுடன் மாயத்தைத் தேடாமல், எழுதியவன் எப்படி எழுதினான், படித்தவன் எப்படிப் பிரித்தான் என்று முதலில் கேட்பதே ஆய்வு முறை.

பனியாறு திருப்பித் தந்தது

1998-இல் துபுங்காத்தோவில் ஏறிய அர்ஜென்டினா மலையேறிகள் இருவர், ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் ஒரு மெர்லின் எஞ்சினின் சிதைவைக் கண்டனர். 2000-இல் அர்ஜென்டினா இராணுவத்தின் குழு அங்கே சென்று மேலும் பல பாகங்களையும் மனித உடற்பகுதிகளையும் கண்டெடுத்தது. அரை நூற்றாண்டாக இல்லாதவை திடீரென எப்படி வந்தன?

மோதிய விமானத்தைப் பனி மூடியது. மேலும் மேலும் பெய்த பனியின் எடையால் அது பனியாற்றுக்குள் புதைந்தது. பனியாறு மெல்லக் கீழ்நோக்கி நகர்வது. பனி உருகும் தாழ்ந்த பகுதியை அடைந்தபோது, உள்ளே சுமந்து வந்ததை அது வெளியே விட்டது. கிடைத்த சுழலியின் நிலை, மோதும்போது எஞ்சின் நன்றாக இயங்கியதைக் காட்டியது. சக்கரங்கள் உள்ளே மடக்கப்பட்டிருந்தன. ஆகவே அவசரத் தரையிறக்கத்துக்கு எவரும் முயலவில்லை. குழுவினருக்கு ஆபத்து தெரியவே இல்லை என்பதற்கு இவை சான்றுகள். அர்ஜென்டினா விமானப்படையின் விசாரணை, விமானத் தலைவர் ரெஜினால்ட் குக்மீது குற்றமில்லை என்று முடிவு செய்தது. 53 ஆண்டுகள் கழித்து ஒரு மனிதரின் பெயர் களங்கத்திலிருந்து மீண்டது. மரபணுச் சோதனையால் சிலரது உடல்களும் அடையாளம் காணப்பட்டன.

டியூடரின் துயரங்கள்

லங்காஸ்டரின் வழித்தோன்றலான 'லிங்கன்' குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைகளோடு, பயணிகளுக்கென வட்டமான புதிய உடற்பகுதியைச் சேர்த்து உருவானது 'டியூடர்'. ஸ்டார் டஸ்ட் மறைந்து மூன்றே வாரத்தில், 1947 ஆகஸ்ட் 23 அன்று, சோதனைப் பறப்பில் ஒரு டியூடர் விழுந்தது. பராமரிப்பின்போது இறக்கையைச் சாய்க்கும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் இடம் வலம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. அதில் இறந்தவர்களுள் ராய் சாட்விக்கும் ஒருவர்.

1948 ஜனவரி 30 அன்று 'ஸ்டார் டைகர்' 31 பேருடனும், 1949 ஜனவரி 17 அன்று 'ஸ்டார் ஏரியல்' 20 பேருடனும் அட்லாண்டிக்கில் மறைந்தன. இரண்டுக்கும் காரணம் உறுதிப்படவில்லை. 1950 மார்ச் 12 அன்று, ரக்பி ஆட்டம் பார்த்துவிட்டு அயர்லாந்திலிருந்து திரும்பிய வேல்ஸ் ரசிகர்களின் டியூடர், லான்டோவில் தரையிறங்கும்போது விழுந்தது. 83 பேரில் 80 பேர் மாண்டனர். அதுவரை உலகில் நிகழ்ந்த விமான விபத்துகளில் இதுவே மிகக் கொடியது. சுமை பின்பக்கம் அதிகமாகி எடைச் சமநிலை தவறியதே காரணம் என விசாரணை கண்டது.

முடிவுரை

இவ்விபத்துகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, 'குண்டுவீச்சு விமானம் என்பதால் விழுந்தது' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது என்பது தெளிவாகிறது. ஒன்றில் காற்று, ஒன்றில் கம்பி, ஒன்றில் சுமை. மூன்றில் விடையே இல்லை. எனினும் ஒரு பொதுத் தன்மையைக் காணலாம். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் போர்க்காலத்தில் 55,000-க்கும் மேற்பட்ட விமானப் படையினர் உயிரிழந்தனர். ஸ்டார் டஸ்ட் நிறுவனத்தின் தலைவர் டான் பென்னட் அப்படையின் புகழ்பெற்ற தளபதிகளுள் ஒருவர். அவரது விமானிகளில் பலரும் அங்கிருந்து வந்தவர்களே. அவர்களின் திறமையும் துணிவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் போரில் ஏற்கத்தக்க ஆபத்து வேறு. பயணச்சீட்டு வாங்கி வருபவர்மீது சுமத்தத்தக்க ஆபத்து வேறு. விமானத்தை மாற்றி அமைக்கச் சில வாரங்கள் போதும். அந்த மனக்கணக்கை மாற்றக் காலம் பிடிக்கும் என்பதே கட்டுரையாளரின் கருத்து.

இன்று செயற்கைக்கோள் விமானத்தின் இடத்தைக் காட்டுகிறது; மலை நெருங்கினால் எச்சரிக்கைக் கருவி குரல் கொடுக்கிறது. மேல்வானக் காற்றின் வேகம் புறப்படும் முன்பே விமானியின் கையில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் திரும்ப விமானம் ஏறும் நாம் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. இப்பாதுகாப்பு, முன்னே பறந்து திரும்பாமற்போனவர்களைப் பற்றிப் பொறுமையாகக் கேள்வி கேட்டவர்கள் தந்தது. பொறியியல் பயின்றாலும் இலக்கியம் பயின்றாலும், கிடைத்த சான்றைச் சரியாகப் பிரித்துப் படிக்கும் அப்பொறுமையே நாம் பெற வேண்டிய கல்வி.